அத்தை சிவப்பு மையில் வெட்டிய வரி

மகளே,

இன்று செவ்வாய்க்கிழமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ராயகிரியிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்களை வரச் சொன்னது நான்தான். நீ வேண்டாம் என்று மூன்று முறை சொன்ன பிறகு சொன்னேன். கோயம்புத்தூரிலிருந்து நீ வருவாயா மாட்டாயா என்று எனக்கும் தெரியவில்லை, உன் அம்மாவுக்கும் தெரியவில்லை. அத்தையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பஸ் ஏறும்போது உன் அம்மாவிடம் "வாரேம்மா" என்றாய். என் பக்கம் திரும்பவில்லை. அன்று முதல் எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தை நேற்றுக் காலையிலிருந்து எழுதப் பார்க்கிறேன். நாலு வரி எழுதுவதும், எழுந்து தெருமுனை வரை போய்விட்டுத் திரும்புவதுமாக இருக்கிறேன். பின்தெருவில் தறி ஓடும் சத்தத்தில் நாற்பது வருடம் செய்தி எழுதியவன் நான். இப்போது தறி ஓடினாலும் எழுத வரவில்லை, நின்றாலும் வரவில்லை. "கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ஒண்ணு எழுதுங்க, இல்லன்னா வெங்காயத்தையாவது உரிச்சுக் குடுங்க" என்கிறாள் உன் அம்மா. போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அது மட்டுமல்ல. நான் செய்த தவறு ஊர் படிக்கும்படி அச்சில் வந்தது. அதைத் திருத்துவதும் ஊர் படிக்கும்படிதான் இருக்க வேண்டும். அதனால் இது உனக்கு எழுதுகிற கடிதம்தான் என்றாலும், ஒட்டி மூடாமல், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அத்தையைப் பற்றி, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கிறார்கள் அல்லவா. கோமதி என்ற பெயரில் இந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். கோமதி சிஸ்டர் என்றால் ஒருத்திதான். என் அப்பாவின் தங்கை. அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் நர்ஸாக இருந்தவள். உனக்கு ஆச்சி முறை. "ஆச்சின்னு கூப்பிட்டா ஊசி போட்டுருவேன்" என்று மிரட்டி வைத்திருந்ததால் நீயும் என்னோடு சேர்ந்து அத்தை என்றே கூப்பிட்டாய். வார்டில் விசிலடித்துக்கொண்டே நடப்பாள். எந்த டாக்டர் கண்டித்தாலும் ஒரு வாரம் நிறுத்துவாள், அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் விசில் கேட்கும். தேள் கொட்டி வருகிற காட்டு வேலைக்காரர்களிடம், "தேள் செத்துட்டா, இருக்கா? பாவம், அதுக்கு யாரு ஊசி போடுவா?" என்று கேட்பாள். வலியில் துடிக்கிறவன்கூட ஒரு கணம் அவளை முறைப்பான். அந்த ஒரு கணத்தில் ஊசி போட்டு முடித்திருப்பாள். ஐம்பத்திரண்டாவது வயதில் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டு, பூ மார்க்கெட்டில் இரண்டு மூட்டை மல்லிகைப் பூவில் போய் இடித்தாள். பூக்காரர் திட்டத் திட்ட, சிதறிய பூவிலேயே உட்கார்ந்து சிரித்தாள் என்று அந்த மார்க்கெட்டில் இன்றும் சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகும் எழுபத்தெட்டு வயது வரை அதே வண்டியில் தெருத் தெருவாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தாள்.

அவளிடம் ஒரு வருடாந்திர வழக்கம் இருந்தது. ஆடி மாதம் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே கூடும். முதலுதவிப் பந்தலில் அத்தைதான் நிற்பாள். மறுநாள் விடிந்ததும் கடையநல்லூர் பாத்திமாம்மாவோடு குற்றாலம் போய்விடுவாள். பாத்திமாம்மா அவளோடு வேலை பார்த்த நர்ஸ். இரண்டு பேரும் நாள் முழுக்க அருவியில் குளித்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ஈரத் தலையோடு திரும்புவார்கள். மழையோ காய்ச்சலோ, தபசுக்கு மறுநாள் குற்றாலம். கூட்டத்தில் நின்ற அலுப்புத் தீரப் போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் ஏன், எப்போது, எப்படி என்று கேட்பதையே தொழிலாக வைத்திருந்த நானும் கேட்டதில்லை.

அத்தை ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு கதை சொல்லப்பட்டது. என் அப்பா மூளைக்காய்ச்சலில் இறந்தபோது எனக்கு நாலு வயது. அவர் முகம் போட்டோவில் பார்த்த முகம்தான். குரல் நினைவில்லை. அவர் பேசிய ஒரு வாக்கியம்கூட எனக்குத் தெரியாது. அத்தைக்கு அப்போது இருபத்தேழு. பனவடலிசத்திரத்தில் ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள் என்றும், அண்ணன் போனதும் அவன் பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்ற அந்தக் கல்யாணத்தையே வேண்டாம் என்று அத்தை உதறிவிட்டாள் என்றும் என் அம்மா சொல்வாள். ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் சொல்வாள். கேட்கிறவர்கள் அத்தையைத் திரும்பிப் பார்த்துக் கண் கலங்குவார்கள். அத்தை அந்தப் பக்கம் இலையில் மூன்றாவது வடைக்காகக் கை நீட்டிக்கொண்டிருப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு நிமோனியா வந்து திருநெல்வேலியில் சேர்த்தோமே, அப்போது நான் அவளுடைய இரங்கல் செய்தியை எழுதினேன். இதைக் கொடுமை என்று நினைக்காதே. பெரிய ஆட்கள் படுத்துவிட்டால் முன்கூட்டியே எழுதி வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். கை நடுங்காத நேரத்தில் எழுதினால்தான் தப்பு வராது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். போனில் அடித்து, தாளிலும் ஒரு பிரதி எடுத்துப் பையில் வைத்திருந்தேன். அவள் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். ஒரு நாள் மூக்குக் கண்ணாடியைத் தேடி என் பையைத் துழாவியவள் கையில் அந்தத் தாள் மாட்டியது. நீ அப்போது லீவுக்கு வந்திருந்தாய். அவள் கூப்பிட்ட சத்தம் உனக்கும் நினைவிருக்கும்.

"ஏலே! இங்கன வா. நான் எப்பம்லே செத்தேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

நீ சிரித்துக்கொண்டே அவளுக்குச் சிவப்புப் பேனா எடுத்துக் கொடுத்தாய். அந்தக் காலத்தில் பகல் டூட்டி நர்ஸ் நோயாளி ரிப்போர்ட்டை நீல மையில் எழுத வேண்டும், ராத்திரி டூட்டி நர்ஸ் சிவப்பு மையில். அத்தை ராத்திரி டூட்டியைக் கேட்டு வாங்குகிறவள். அதனால் கடைசி வரை பால் கணக்கைக்கூடச் சிவப்பில்தான் எழுதினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் திருத்த உட்கார்ந்தாள். "எம்பத்தேழு வயசுன்னு போட்டிருக்க. எம்பத்தாறுதாம்லே. ஒரு வயசு கூட்டிப் போட்டு அனுப்பப் பாக்க." வெட்டினாள். "'மென்மையாகப் பேசுபவர்.' இது யாரு? பக்கத்து பெட்காரியா?" வெட்டினாள். அதற்கடுத்த வரியில் பேனா நின்றது. 'அண்ணனின் மறைவுக்குப் பின் அவர் குடும்பத்துக்காகத் தன் இல்லற வாழ்வையே தியாகம் செய்து, இறுதிவரை தனிமையில் வாழ்ந்தவர்' என்று எழுதியிருந்தேன். அதை ஒரு கோடு போட்டு வெட்டினாள். போதவில்லை என்று நினைத்தவள்போல இன்னொரு கோடும் போட்டாள்.

"ஏன் அத்தை, அது பொய்யா?" என்றேன்.

"நீ பாத்தியாலே?"

"அம்மை சொல்லியிருக்கா."

"அப்பம் 'அம்மை சொன்னா'ன்னு போடு. நாங்க ராத்திரி ரிப்போர்ட்ல பாத்தத மட்டுந்தான் எழுதுவோம். நோயாளி தூங்குதாள்னு எழுதணும்னா பக்கத்துல போயி மூச்சப் பாத்துட்டு எழுதணும்."

"சரி, அதுக்குப் பதிலா என்ன போட?"

"'சந்தோசமா இருந்தா'ன்னு போடு. எடம் இருந்தா."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். அவள் அந்தத் தாளின் ஓரத்தில் சிவப்பில் என்னவோ எழுதி மடித்து என்னிடம் கொடுத்தாள். நான் அதைப் பிரித்துப் பார்க்காமல் பீரோவில் வைத்தேன். தமாஷ் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி நான் செய்தவற்றுக்கு வருகிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன்னோடு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன். கல்யாணம் வேண்டாம் என்று நீ அமைதியாகத்தான் சொன்னாய். காரணம் கேட்டேன். "காரணம்னு ஒண்ணும் இல்லப்பா. எனக்கு இப்படியே நல்லா இருக்கு" என்றாய். அது என்னால் தாங்க முடிந்த பதிலாக இல்லை. வேறு ஜாதிப் பையன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்குச் சண்டை போட ஒரு இடம் கிடைத்திருக்கும். "முப்பத்தொண்ணு வயசாகுது. கடைசியில அத்தை மாதிரி யாருமில்லாம நிக்கப் போறியா?" என்று கத்தினேன். அத்தை மூன்றடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை. "ஏலே, யாருமில்லாமலா நிக்கேன்? அப்பம் நீ யாருலே?" என்றாள். பிறகு போனைப் பார்த்து, "மக்கா, சாப்பிட்டியாட்டி?" என்று உன்னிடம் கேட்டாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நான் சொன்னது அவளைக் குத்தியது என்று ஆகிவிடுமே, அவள் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன். வசதியான நினைப்பு. அதன் பிறகு ஐந்து மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். தினமும் காலையில் அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அதற்கிடையில்தான் ராயகிரிக்காரர்களிடமும் பேச ஆரம்பித்தேன்.

அவள் போன காலை எட்டரை மணிக்குக் காபியைக் குடித்துவிட்டு, "சர்க்கரை பத்தல, ஆனா சொல்லல" என்றாள். டம்ளரை வாங்க உன் அம்மா கை நீட்டுவதற்குள் முடிந்துவிட்டது. எண்பத்தொன்பது வயது. பத்து மணிக்கு நான் இரங்கல் செய்தியை அனுப்பினேன். அடுத்த நாள் பேப்பரில் அந்த வரி அப்படியே வந்தது. தியாகம், தனிமை, எல்லாம். தெருப் பையன்கள் அதைப் பார்த்து, நர்ஸ் தொப்பி போட்ட அவள் போட்டோவோடு 'தியாகத் திருவுருவமே' என்று பெரிய எழுத்தில் பிளெக்ஸ் அடித்துப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கட்டிவிட்டார்கள். நீயும் அதைப் பார்த்திருப்பாய். அன்று சாயங்காலம் உன்னிடமிருந்து வாட்ஸ்அப்பில் பேப்பரின் படம் வந்தது. அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ஒரே கேள்வி: 'அத்தை இதை வெட்டினாங்கதானே?' ஒரே வீட்டில், அடுத்த அறையில் இருந்துகொண்டு அனுப்பினாய்.

பழைய பிரதியே பேப்பருக்குப் போய்விட்டது, கைத்தவறு என்று உனக்குப் பதில் போட்டேன். அது பொய். நான் கவனமான நிருபர் என்று பெயர் எடுத்தவன். போனிலிருந்த பழைய பிரதியைத் திறந்து, அவள் சொன்ன கணக்குப்படி வயதை எண்பத்தொன்பது என்று திருத்தினேன். 'மென்மையாகப் பேசுபவர்' என்பதை எடுத்தேன். அந்த வரிக்கு வந்தேன். அவள் போட்ட இரண்டு கோடும் எனக்கு நினைவில் இருந்தன. ஆனாலும் விட்டுவிட்டேன். அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று என் கையால் எழுதினால், உன்னிடம் சொல்ல என்னிடம் எதுவும் மிஞ்சாது என்று பயந்தேன். செத்துப் போனவளை உனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்தேன். இதுதான் நடந்தது.

நீ ஊருக்குப் போன மறுநாள் பாத்திமாம்மா போன் செய்தார். எண்பத்தைந்து வயது. காரியத்துக்கு வர முடியவில்லை, முட்டி வலி. எடுத்த எடுப்பில், "தம்பி, பேப்பர்ல எவளைப் பத்தி எழுதியிருக்கீய? என் கூட வேலை பாத்த கோமதி இது இல்லியே" என்றார். அன்றைக்கே கடையநல்லூருக்குப் பஸ் ஏறினேன். மகன்கள் வெளிநாட்டில், மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள். பாத்திமாம்மா பேப்பரைப் பூதக்கண்ணாடியோடு மடியில் வைத்துக் காத்திருந்தார். நான் பையிலிருந்து அத்தை திருத்திய தாளை எடுத்துக் கொடுத்தேன். வரும் வழியில் பஸ்ஸில்தான் முதல் தடவையாக அதைப் பிரித்தேன். ஓரத்தில் சிவப்பில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'சந்தேகம் இருந்தால் பாத்திமாவைக் கேள்.'

"கேக்கதுக்கு மூணு வருசமா?" என்றார் பாத்திமாம்மா. "நல்ல நிருபரு."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வாத்தியார் மாப்பிள்ளை வந்தது உண்மை. தபசுக்கு மறுநாள், ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில், பூ பழத்தோடு தன் அக்காளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர், பாத்திமாம்மாவுக்கே பிடித்திருந்தது. என் அப்பாவும் இருந்தார். அத்தை எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "தப்பா நெனைக்காதீய. உங்க மேல ஒரு குறையும் இல்ல. எனக்கு இப்படியே நல்லா இருக்கு" என்று நேராகச் சொல்லிவிட்டாள். வந்தவர்கள் போன பிறகு அண்ணன் திட்டப் போகிறார் என்று பாத்திமாம்மா கதவோரம் நின்றிருக்கிறார்.

"திட்டுவாருன்னு பாத்தா, உங்க வாப்பா மீதி டீயக் குடிச்சாரு. குடிச்சிட்டு, 'சரிட்டி, உனக்கு வேண்டாம்னா வேண்டாம். அம்மைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்'னாரு. அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டாரு. அன்னைக்கே நாங்க ரெண்டு பேரும் லீவு சொல்லிட்டுக் குத்தாலத்துக்குப் போனோம். இவ அருவிக்குள்ள நின்னு விசிலடிக்கா. பொறவு வருசா வருசம் போனோம்லா."

"அம்மை வேற மாதிரி சொன்னாளே?"

"உங்க வாப்பா போனது அதே வருசம் புரட்டாசியில. இவ வேண்டாம்னது ஆடியில. கணக்கு நீங்களே போட்டுக்கிடுங்க."

மகளே, ஐம்பது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு புரட்டாசியிலும் நான் அப்பாவுக்குத் திதி கொடுக்கிறேன். ஒவ்வொரு ஆடியிலும் அத்தை குற்றாலத்துக்குப் போனதைப் பார்த்தேன். ஆடி முதலில் வரும், புரட்டாசி பிறகு வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒருநாளும் நான் பார்க்கவில்லை. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

அப்படியென்றால் அம்மா அந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் அத்தை ஏன் மறுக்கவில்லை என்று கேட்டேன். பாத்திமாம்மா சிரித்தார். "தியாகம்னு சொன்னா ஊரு கும்புட்டுட்டுப் போயிரும் தம்பி. எனக்கே இஷ்டமில்லன்னு சொன்னா தெருவுக்கு ஒருத்தி வந்து ஏன் ஏன்னு கேப்பா. இவளுக்கு டூட்டி பாக்கவும் சினிமா பாக்கவுமே நேரம் இல்ல. இதுல பதில் வேற சொல்லணுமா? உங்களையெல்லாம் வளத்தா, இல்லைங்கல. அது அவளுக்குப் பிடிச்சிருந்திச்சு, செஞ்சா. நோவோட செய்யலே." பிறகு பேப்பரை மடித்து என்னிடமே தந்தார். "உயிரோட இருக்கையில அந்தக் கதை அவளுக்கு உபயோகமா இருந்திச்சு. செத்த பொறவு எதுக்கு? அதாம் வெட்டியிருக்கா."

திரும்பி வந்து பேப்பர் ஆபீஸ் டெஸ்க்கில் இருப்பவரிடம் திருத்தம் போடச் சொன்னேன். "அண்ணாச்சி, வயசு தப்பு, பேரு தப்புன்னா போடலாம். தியாகம் பண்ணலன்னு யாராவது திருத்தம் போடுவாங்களா? நாளைக்கு உங்க சொந்தக்காரங்களே சண்டைக்கு வருவாங்க" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். பிளெக்ஸை மட்டும் இன்று காலை நானே ஏணி கேட்டு வாங்கி அவிழ்த்தேன். ஏன் என்று கேட்ட பையன்களிடம் காற்றில் கிழிந்துவிடும் என்றேன். அதுவும் சரியான பதில் இல்லை. பாதி வழியில் திரும்பிப் போய், "அது தப்புடே, எங்க அத்தை சந்தோசமா இருந்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். போட்டோ நன்றாக இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்தை எழுதுவதற்கு முன் ராயகிரி மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் செய்தேன். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிடச் சொல்லி மனசு அரித்தது. அப்படிச் சொன்னால் யாருக்கும் வருத்தம் இருக்காது, எனக்கும் தலைக்குனிவு இல்லை. அத்தை அந்த வாத்தியார் மாப்பிள்ளையிடம் நேராகச் சொன்னதாகப் பாத்திமாம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. "ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் அண்ணாச்சி, பிள்ளைக்கு இஷ்டமில்லை" என்றேன். "எங்க பையனப் பத்தி யாரும் எதுவும் சொன்னாவளா?" என்று கேட்டார். "ஒரு குறையும் இல்ல. அவளுக்கு இப்படியே நல்லா இருக்காம்" என்றேன். "இதுக்குப் பேரு காரணமா வே?" என்று கேட்டுவிட்டு வைத்தார். கோபம் நியாயம்தான். வரச் சொன்னது நான்.

நீ நாளைக்கு மனசு மாறிக் கல்யாணம் செய்துகொண்டாலும் சரி, செய்துகொள்ளாவிட்டாலும் சரி. உன் வயதான காலத்தைப் பற்றிய பயம் எனக்கு இன்றைக்கே போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பார்க்காததை எழுதியதாகிவிடும். பயம் இருக்கிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை, பகலிலும் நிலைகொள்ளவில்லை. ஆனால் அது என் பயம். அதை உனக்குக் கொடுத்து அனுப்ப எனக்கு உரிமையில்லை. இன்னும் மூன்று வாரத்தில் தபசு வருகிறது. மறுநாள் பாத்திமாம்மாவைக் காரில் குற்றாலத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். முட்டி வலியோடு அருவிக்குள் போக முடியாது, ஓரத்தில் உட்கார்ந்து கால் நனைக்கட்டும். நீ வந்தால் நன்றாக இருக்கும். வராவிட்டாலும் போவோம்.

என் அப்பா பேசி நான் அறிந்த ஒரே வாக்கியம், இந்த வயதில், கடையநல்லூரில், இன்னொருவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது. பஸ்ஸில் வரும்போது அதை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அவர் தங்கையிடம் சொன்னதை மாற்றாமல் உன்னிடம் சொல்கிறேன். சரிட்டி, உனக்கு வேண்டாம்னா வேண்டாம். அம்மைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.

உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்கென்று அடுப்படியில் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். பேனாவை மூடிவிட்டு எழுந்து போகிறேன்.

அப்பா